கார் இருக்கையில் ஒரு கணப்பு

நம் ஊரில் குளிர் என்றால், மார்கழி விடியற்காலையில் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்வதோடு சரி. வெயில் ஏறியதும் அது போன இடம் தெரியாது. கனடா நாட்டின் டொராண்டோ நகரிலோ குளிர் நான்கைந்து மாதங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். ஜனவரி மாதத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்ஷியஸ் என்பது சர்வசாதாரணம். சில நாட்களில் 20 டிகிரி வரைகூடக் கீழே இறங்கிவிடும். இரவு முழுவதும் தெருவில் நின்ற காரில் காலையில் ஏறி உட்கார்ந்தால், பனிக்கட்டிப் பாளத்தின்மேல் உட்கார்ந்ததுபோல் இருக்குமாம்.

இதை எனக்குச் சொன்னவர் அந்நகரில் பல ஆண்டுகளாக வசித்துவரும் என் சித்தப்பா. அவருக்கு இடுப்புவலி உண்டு. அதிகாலை ஐந்து மணிக்கே வேலைக்குப் புறப்பட வேண்டியவர். வண்டியோ பழையது, புதிது வாங்க அப்போது கைவசம் பணம் இல்லை. ஆகவே வேறொரு காரிலிருந்து கழற்றிய இருக்கை ஒன்றை வாங்கித் தம் வண்டியில் தாமே பொருத்திக்கொண்டார். அது மின்சாரத்தால் சூடாகும். பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும், மேலும் கீழும் தானே நகரும். விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது, கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டி அவர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, பௌதிக வகுப்பில் நாம் படித்த ஓம் விதியும், மின் மோட்டாரும், நியூட்டன் விதிகளும் ஒரு கார் இருக்கைக்குக் கீழே ஒளிந்திருப்பது எனக்குப் புலப்பட்டது. அதையே இங்கு எழுத முயல்கிறேன்.

முதலில் சிறிது வரலாறு. இருக்கையைச் சூடாக்கும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தினர் 1950-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அதே நிறுவனத்தின் காடிலாக் கார்களில் 1966-ஆம் ஆண்டு இவ்வசதி அதிகப்படி விலைக்குக் கிடைத்தது. அது செல்வந்தர்களின் சொகுசு. ஆனால் குளிருக்குப் பேர்போன ஸ்வீடன் நாட்டின் ஸாப் நிறுவனத்தார் 1971-ஆம் ஆண்டு ஓட்டுநர் இருக்கையில் இதை வழக்கமான உறுப்பாகவே சேர்த்துவிட்டார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் குளிரின் அருமை தெரியும் போலும்!

இனி, இந்த இருக்கை எப்படிச் சூடாகிறது என்று பார்ப்போம். உறையை உரித்துப் பார்த்தால், பஞ்சு மெத்தைக்கும் உறைத்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய விரிப்பு இருக்கும். அதில் தடைக்கம்பி பாம்புபோல வளைந்து வளைந்து தைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கம்பிக்குப் பதிலாகக் கரி இழை இருக்கும். மின்சாரம் பாயும்போது தடையுள்ள கம்பி சூடாகிறது. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியிலும் இதே தத்துவந்தான். உட்காரும் பகுதியில் ஒரு விரிப்பு, முதுகு சாயும் பகுதியில் ஒரு விரிப்பு. சூடு அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ளச் சிறு உணர்வான் ஒன்று உள்ளே புதைந்திருக்கும். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனித்து மின்சாரத்தை நிறுத்தும், மறுபடியும் விடும். ஆகையால் இருக்கையை வாங்குகிறவர் அதே காரின் ஸ்விட்சையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்தே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டை அடக்க ஆளில்லை.

ஒரு இருக்கைக்கு ஏறத்தாழ 60 வாட் மின்திறன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் பாட்டரி 12 வோல்ட். அறுபதைப் பன்னிரண்டால் வகுத்தால் 5 ஆம்பியர். ஓம் விதிப்படி தடை 2.4 ஓம். இஞ்சின் ஓடும்போது மின் அழுத்தம் 14 வோல்ட் அளவுக்கு உயரும். அப்போது அதே 2.4 ஓம் தடை 60 அல்ல, ஏறக்குறைய 82 வாட் இழுக்கும். 14-ஐ 14-ஆல் பெருக்கி 2.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு. நம் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் வேலை செய்கிறது. அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 4.3 ஆம்பியர்தான். வெறும் 60 வாட் இருக்கையோ 5 ஆம்பியர் இழுக்கிறது! அழுத்தம் குறைவாக இருந்தால் அதே வேலைக்கு மின்னோட்டம் அதிகமாக வேண்டும். ஒயரைச் சுடவைப்பது வாட் அல்ல, ஆம்பியர். "பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது" என்று அலட்சியமாக இருப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். என் சித்தப்பாவும் ஏமாந்தார்.

அவர் முதலில் செய்த காரியம் இது: வண்டியில் ரேடியோவுக்குப் போகும் மெல்லிய ஒயரைச் சீவி, இருக்கையின் ஒயரை அதில் முறுக்கிவிட்டு, மேலே டேப் சுற்றிவிட்டார். சூடாக்கி மட்டும் வேலை செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. இருக்கையை நகர்த்தும் பொத்தானை அழுத்தியவுடன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. வேறொன்று போட்டார், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை, பொறுமை இழந்து, 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிட்டார்! இருக்கை அழகாக நகர்ந்தது. சற்று நேரத்தில் தரைவிரிப்பின் அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பாய்ந்துபோய் பாட்டரி இணைப்பைக் கழற்றியதால் வண்டி பிழைத்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், ஒயரின் மேலுறை ஒரு முழ நீளத்துக்கு உருகி ஓடியிருந்தது. பின் இருக்கையில் அவர் மகள் விளையாடிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

ஏன் இப்படி நேர்ந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக்கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.017 ஓம் அளவில் தடை உண்டு. நான்கு மீட்டர் என்றால் 0.07 ஓம். மிகச் சிறிய எண்தான். ஆனால் அதில் 20 ஆம்பியர் பாய்ந்தால்? மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: 400 பெருக்கல் 0.07, அதாவது 28 வாட். காற்றுப் புகாத விரிப்பின் அடியில் 28 வாட் வெப்பம்! ரேடியோவுக்குப் போகும் ஒயர் இதைவிடவும் மெல்லியது. அதே நீளத்துக்கு நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருந்தால் வெப்பம் 7 வாட் அளவிலேயே நின்றிருக்கும். அதுவும் பொத்தானை அழுத்தும் சில விநாடிகளுக்கு மட்டுமே. ஃபியூஸ் என்பது இருக்கையைக் காப்பதற்கு மட்டுமல்ல, ஒயரைக் காப்பதற்காகவே முக்கியமாக இருக்கிறது. ஒயர் தாங்காத அளவுக்கு ஃபியூஸ் போடுவது, வீட்டுக் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்குச் சமம்.

சரி, இருக்கையை நகர்த்த ஏன் அவ்வளவு மின்சாரம்? இருக்கைக்குக் கீழே மூன்று அல்லது நான்கு சிறு மோட்டார்கள் உள்ளன. ஒன்று முன்பின் நகர்த்த, மற்றவை உயர்த்தவும் தாழ்த்தவும், முதுகைச் சாய்க்கவும். ஒவ்வொன்றும் நீண்ட மரையாணி ஒன்றைச் சுழற்றுகிறது. மரையாணி சுழலச் சுழல இருக்கை மெல்ல நகர்கிறது. ஸ்விட்ச் செய்வதெல்லாம் நேர்முனை எதிர்முனைகளை மாற்றிக் கொடுப்பதுதான். அப்போது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மோட்டார் தாராளமாகச் சுற்றும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். இருக்கை கடைசி எல்லையில் முட்டி நிற்கும்போதோ சுற்றல் நின்றுவிடுவதால் அந்த எதிர் விசையும் மறைகிறது. மின்னோட்டம் பன்மடங்கு எகிறும். இதற்காகத்தான் இந்த இணைப்பில் ஃபியூஸுக்குப் பதிலாகப் பல கார்களில் ஈருலோகப் பட்டை வைத்த துண்டிப்பானை வைக்கிறார்கள். அது சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் முறை சித்தப்பா ஒழுங்காகச் செய்தார். பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் ஒன்றை எடுத்தார். பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் வைத்தார். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாதல்லவா? இஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தகரத்தில் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போட்டார். பிறகு கதவுப்படி ஓரமாக, விரிப்பின் அடியில், குழாய்போன்ற உறைக்குள் அதைக் கொண்டுசென்றார். மோட்டாருக்கு ஒரு கிளை. சூடாக்கிக்குத் தனி ஃபியூஸுடன் இன்னொரு கிளை. எதிர்முனை ஒயரை, பெயிண்டைச் சுரண்டி எடுத்த தரைத்தகட்டில் போல்ட்டால் இறுக்கினார்.

சூடாக்கிக்கு மட்டும் ஒரு ரிலே தேவைப்பட்டது. சாவியைத் திருப்பினால்தான் ரிலே மூடும். சாவியை எடுத்தால் திறந்துவிடும். இது எதற்கு? மறந்துபோய் இரவு முழுவதும் சூடாக்கியை விட்டுவிட்டால், 5 ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணி போய்விடும். சாதாரண கார் பாட்டரியின் மொத்தச் சேமிப்பே ஏறத்தாழ அவ்வளவுதான். அதிலும் கடுங்குளிரில் பாட்டரியின் உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் மந்தமாகி அதன் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு காலையில் இஞ்சினைக் கிளப்ப முடியாமல் பனியில் நின்றுகொண்டு, சூடான இருக்கை இருந்தும் என்ன பயன்?

மின்சாரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் உயிரைக் காப்பது போல்ட்டுகள்தாம். ஒரு காரின் இருக்கை மற்றொரு காரின் தரையில் அப்படியே பொருந்துவது அபூர்வம். நான்கு துளைகளும் நான்கு திசையில் இருக்கும். அமெரிக்காவில் ஜீப் செரோகி வண்டிக்கு அதன் அண்ணனான கிராண்ட் செரோகியின் இருக்கையை மாற்றுகிறவர்கள் பலர் உண்டு. ஒரே குடும்பத்து வண்டிகளானாலும் அங்கேயும் தாங்குசட்டத்தில் வேலை இருக்கிறது. நல்ல வழி என்னவென்றால், பழைய வண்டியின் தரையோடு பொருந்தும் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய இருக்கை உட்காரும்படி கனத்த எஃகுப் பட்டைகளில் துளையிடுவது. இருக்கையின் தண்டவாளத்தையே அறுத்து ஒட்டுவது ஆபத்து. போல்ட்டுகளும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றாக இருக்கக்கூடாது; தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும் உறுதியான ரகமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கிறீர்களா? கார் இருக்கை தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையை முன்பக்கமும் பின்பக்கமும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மோட்டார்கள் சேர்ந்த இருக்கை சாதாரண இருக்கையைவிடக் கனமானது. அதை 30 கிலோ என்று கொண்டால், 600 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு! வார்ப்பட்டையின் கொக்கி இருக்கையிலேயே பூட்டப்பட்டிருந்தால், உட்கார்ந்திருப்பவரின் சுமையிலும் ஒரு பங்கு அதே போல்ட்டுகளின்மேல் விழும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே இருபது மடங்கு என்பது 1,400 கிலோ. ஏறத்தாழ ஒரு காரின் எடை. சித்தப்பா இந்த வேலையை மட்டும் தாமே செய்யவில்லை. சட்டத்தை அளந்து, பற்றவைப்புத் தொழிலில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தார். அதற்கு ஆன கூலி இருக்கையின் விலையைவிட அதிகம் என்று இன்னமும் புலம்புகிறார்!

இருக்கையை அவர் வாங்கியது பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில். நம் சென்னைப் புதுப்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பனி மூடிய திறந்தவெளி. ஸ்பானரை நாமே கொண்டுபோய் நாமே கழற்றிக்கொள்ள வேண்டும். கையில் ஓம்மானியும் சிறிய 12 வோல்ட் பாட்டரியும் கொண்டுபோனார். சூடாக்கியின் இரு முனைகளில் ஓம்மானியை வைத்தால் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. முதலில் பார்த்த இருக்கை அப்படித்தான் இருந்ததாம். இருக்கைமேல் முழங்காலை ஊன்றி ஏறுவதாலும், ஊசி குத்துவதாலும் அந்த மெல்லிய கம்பி அறுந்துபோவதுண்டு. ஒயர்களை வெட்டும்போது இருக்கைப் பக்கத்துச் செருகியை மட்டுமல்லாமல், தரைப் பக்கத்துச் செருகியையும் ஒரு முழ ஒயரோடு சேர்த்து வெட்டிவந்தது அவருடைய சாமர்த்தியம். ஜோடி செருகி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மிகப் புதிய கார்களின் இருக்கைகள் இந்த வேலைக்கு உதவா. அவற்றில் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போவதில்லை. ஒரு சிறு கணிப்பொறிக்குச் செய்தி போகிறது. தாய்வீட்டுக் காரின் கணிப்பொறியிலிருந்து மறுசெய்தி வராவிட்டால் அந்த இருக்கை அசையாது.

மற்றொரு எச்சரிக்கை காற்றுப்பையைப் பற்றியது. பல கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை விரியச் செய்வது ஒரு வெடிமருந்து. மஞ்சள் நிறச் செருகியைக் கண்டால் அதுதான் என்று பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். சேமித்து வைத்த மின்சாரம் உள்ளே சற்று நேரம் தங்கியிருக்கும். ஓம்மானியை அதில் வைக்கவே கூடாது. ஓம்மானி அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்துவிடக்கூடும். சித்தப்பா காற்றுப்பை இல்லாத பழைய இருக்கையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவருடைய வண்டியின் சொந்த இருக்கையிலும் பக்கக் காற்றுப்பை இல்லை. ஆகவே இருந்த பாதுகாப்பு எதையும் அவர் இழக்கவில்லை.

ஓட்டுநர் பக்கம் முடிந்த சந்தோஷத்தில் சித்தியின் பக்கத்து இருக்கையையும் மாற்றிவிட அவர் நினைத்தார். ஜோடி இருக்கையும் வாங்கி வைத்தாயிற்று. அங்கேதான் தகராறு! அவருடைய வண்டியில் பயணி அமரும் இருக்கைக்குள் எடையை அறியும் உணர்வான் இருக்கிறது. அமெரிக்காவில் 2000-களின் நடுவிலிருந்து புதிய கார்களில் இவ்வகை ஏற்பாடுகள் வந்துவிட்டன. உட்கார்ந்திருப்பது பெரியவரா, குழந்தையா என்று அது எடைபோட்டு, சிறு குழந்தையென்றால் முன்பக்கக் காற்றுப்பை விரியாமல் தடுத்துவிடும். ஏனென்றால் அந்தப் பை விரியும் வேகம் குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். அந்த உணர்வானை அந்த மெத்தைக்கென்றே அளந்து அமைத்திருப்பார்கள். மெத்தையை மாற்றினால் அதன் கணக்குத் தவறும். பெரியவரைக் குழந்தை என்று எண்ணிப் பையை அடக்கிவிடலாம். குழந்தையைப் பெரியவர் என்று எண்ணி விரித்துவிடலாம்.

"அந்த உணர்வானை மட்டும் கழற்றி இதில் வைத்துவிடலாம்" என்றாராம் சித்தப்பா.

"ஏங்க, ரப்பர் நாற்றம் வந்த அன்றைக்கும் இப்படித்தான் 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னீங்க. நான் குளிரிலேயே உட்கார்ந்துகிறேன். இந்த இருக்கையைத் தொடாதீங்க" என்று சித்தி முடிவாகச் சொல்லிவிட்டார்.

சித்தியின் பக்கந்தான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். சித்தப்பாவும் பிறகு ஒப்புக்கொண்டார்.

சூடான இருக்கையால் எல்லாருக்கும் நன்மை என்று சொல்வதற்கில்லை. நீரிழிவு நோயால் காலிலும் தொடையிலும் உணர்ச்சி குறைந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்ச்சியற்றவர்கள் ஆகியோர் சூடு அதிகமாவதை அறியமாட்டார்கள். பழுதான சூடாக்கியால் அப்படிப்பட்டவர்களின் தோல் வெந்துபோனது உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குங்கூட, நாள்தோறும் நெடுநேரம் சூட்டில் உட்கார்ந்தால் தோலில் வலைபோன்ற கருந்தடம் விழுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பனி உருகி, காற்றுச்சூடாக்கி வேலை செய்யத் தொடங்கியதும் இதை நிறுத்திவிடுவதே சித்தப்பாவின் வழக்கம்.

காற்றைச் சூடாக்கும் கருவி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. அந்தக் கருவி இஞ்சினின் வெந்நீரிலிருந்து சூட்டை எடுக்கிறது. வெந்நீர் தயாராகப் பல நிமிஷங்கள் ஆகும். இருக்கையோ உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வெப்பக் கடத்தல் மூலம் ஓரிரு நிமிஷங்களிலேயே இதமாகிவிடும். இன்றைய மின்சாரக் கார்களில் இதற்கு இன்னும் மதிப்பு அதிகம். காருக்குள் உள்ள காற்றையெல்லாம் சூடாக்கச் சில ஆயிரம் வாட் தேவைப்படலாம். ஆளை மட்டும் சூடாக்க 60 அல்லது 80 வாட் போதும். மிச்சமாகும் மின்சாரத்தில் கார் இன்னும் சில மைல் ஓடும்.

வேலை முழுவதும் முடிய மூன்று சனிக்கிழமைகள் ஆயின. இருக்கையின் அடிப்பாகம் சற்று உயரமானதால் சித்தப்பாவின் தலை கூரையை இடித்தது. மோட்டாரால் கடைசிவரை தாழ்த்திய பிறகே சரியாயிற்று. மாற்றாமல் விட்ட ஜோடி இருக்கை அவர்கள் வீட்டு நிலவறையில் கிடக்கிறது. என் தங்கை, அதாவது சித்தப்பாவின் மகள், ஒரு பழைய பாட்டரியை அதில் இணைத்துத் தரச்சொல்லி, பரீட்சைக்குப் படிப்பது அதில் உட்கார்ந்துதானாம். சித்தியோ மடியில் வெந்நீர்ப் பை ஒன்றை வைத்துக்கொண்டு காரில் ஏறுகிறார்.